நகத்தளவு சிப்புக்கு ஏன் இவ்வளவு சண்டை? புதுக்குடியிருப்பு மாணவியின் கேள்விக்கு ஒரு பதில்

கேட்டவர் புதுக்குடியிருப்பில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு மாணவி. அவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: நகத்தளவு சிப்புக்காக அமெரிக்காவும் சீனாவும் ஏன் இப்படி மல்லுக்கட்டுகின்றன? தாய்வானில் சண்டை வந்தால் எங்களுக்கு என்ன? சிலிக்கன் மணலிலிருந்துதான் வருகிறது என்றால், முல்லைத்தீவுக் கரை முழுக்க மணல்தானே, நாங்கள் ஏன் செய்ய முடியாது? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு பொருளை ஒருவர் தர மறுத்தால், மற்றவர் அதைத் தானே செய்துகொள்ள முடியாமல் போவது எப்படி? பிள்ளை கேட்பது அதைத்தான்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று அதை வைத்துத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்த காலத்தில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் தொழில் பழகினேன். பாதை திறந்த பிறகு மலேசியா போய், பினாங்கில் சிப்புகளைப் பொதி செய்து சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். இப்போது கிளிநொச்சியில் இலத்திரனியல் படிப்பிக்கிறேன். ஆகவே சிப்பின் கடைசிப் படி எனக்குக் கைப்பழக்கம். அதற்கு முந்திய படிகள் படித்தும், அங்கே வேலை செய்தவர்களோடு பேசியும் அறிந்தவை. இராணுவம் என் துறை இல்லை, அதில் பதிவில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

தடை என்றால் என்ன என்று உங்கள் அம்மா அப்பாவைக் கேட்டாலே சொல்வார்கள். போர்க்காலத்தில், 1990 நடுப்பகுதியிலிருந்து 2002 தொடக்கம் வரை, அரசு இங்கே வன்னிக்குள் வரவிடாத பொருள்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. பெற்றோல், சீமெந்து, உரம், பற்றறி எல்லாம் அதில். ரோச்சுக்குப் போடும் சின்னப் பற்றறிகூட வராது. சனம் அதற்கெல்லாம் வழி கண்டுபிடித்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெயில் இரவு முழுக்க விளக்கு எரித்தார்கள். மோட்டார் சைக்கிளை நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார், டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கரண்ட் போகும். டைனமோவில் வருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு அதை மாற்றிக் கொடுப்பதுதான் கடையில் நான் பழகிய முதல் வேலை. சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரத்துத் தேய்ந்துபோகும். எல்லோரும் சேர்ந்து "சுத்து சுத்து" என்பார்கள்.

ஒரு நாள் ஒருவர் கசெற் பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார். கடைக்கார அண்ணை மூடியைக் கழற்றிப் பார்த்தார். டீ.பி.ஏ. 810 என்ற ஐசி (சிப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஒலியைப் பெருக்குவது, முதுகில் மயிரிழை போல வெடித்திருந்தது. கிட்டப் பிடித்தால் கருகல் மணம். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் இரண்டைச் சேர்த்துக் கணக்குப் பார்த்துப் போடலாம். ட்ரான்சிஸ்டரைச் செத்த ரேடியோவிலிருந்து கழற்றலாம். ட்ரான்ஸ்போமரைக்கூட நாங்கள் கையாலேயே சுற்றினோம். இந்த ஒன்றுக்கு மட்டும் எந்தக் கைவேலையும் இல்லை. வவுனியா போய் வந்த ஒருவர் அதே இலக்க ஐசியைச் சட்டைக் கைமடிப்புக்குள் வைத்துக் கொண்டுவரும் வரை, ஏழு மாதம் அந்தப் பெட்டி தட்டிலேயே கிடந்தது. சுற்றிப்போக வழியுள்ள தடை ஒன்று, வழியே இல்லாத தடை வேறொன்று என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வல்லரசுகள் இன்றைக்கு மோதுவதும் இந்த இடத்தில்தான்.

சரி, மணலுக்கு வருவோம். கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் கரையில் கறுப்பாக மினுங்குவது இல்மனைற். அதில் இருப்பது இரும்பும் டைட்டேனியமும், சிலிக்கன் அதிலிருந்து வராது. வடமராட்சி கிழக்கில் அம்பன் பக்கத்து வெள்ளை மணல் நல்ல சிலிக்கா, கண்ணாடி செய்ய ஏற்றது. ஆனால் சிப்புக்குப் போவது பெரும்பாலும் கட்டி கட்டியான படிகக்கல். அதைக் கரியோடு சேர்த்து மின்சூளையில் ஏறக்குறைய 2,000 பாகையில் உருக்கினால் 98, 99 வீதச் சிலிக்கன் கிடைக்கும். கல்லுக்கு அது நல்ல சுத்தம், சிப்புக்கு அது குப்பை. அதை அமிலத்தோடு சேர்த்து ஆவியாக்கி, சாராயம் வடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப வடித்து, மறுபடி திண்மமாக்கினால் பதினொரு ஒன்பது சுத்தம், 99.999999999 வீதம், வரும். அதாவது பத்தாயிரம் கோடி அணுவுக்கு ஒரே ஒரு வேற்றணு. பிறகு அதை உருக்கி, ஒரே பளிங்காக மெல்ல மெல்ல மேலே இழுத்து, 300 மில்லிமீற்றர் அகல வட்டத் தட்டுகளாக அறுப்பார்கள். உருக்கும் பாத்திரமே மிகச் சுத்தமான படிகக்கல்லில் செய்ததாக இருக்க வேண்டும். அந்தக் கல்லில் பெரும்பங்கு அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஸ்புரூஸ் பைன் என்ற சின்ன ஊரிலிருந்து வருகிறது. 2024 செப்டெம்பரில் ஹெலீன் புயல் வெள்ளத்தில் அந்தச் சுரங்கங்கள் நின்றபோது உலகத்தின் சிப் தொழிலே அந்த ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே மணல் இந்தத் தொழிலில் மிக மலிவான பகுதி. அதை ஒருவர் அள்ளித் தருவதால் தொழில் அவரிடம் வந்துவிடாது.

உண்மையான பூட்டு அந்தத் தட்டின்மேல் மின்சுற்றைப் பதிக்கும் இடத்தில் இருக்கிறது. ஒளியால் படம் பதிக்கும் வேலை அது. எவ்வளவு நுண்ணிய கோடு வேண்டுமோ அவ்வளவு குறுகிய அலைநீளம் வேண்டும். பழைய முறையில் 193 நனோமீற்றர் ஒளி (ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் நனோமீற்றர்). இப்போது மிக முன்னேறிய சிப்புகளுக்கு 13.5 நனோமீற்றர். இந்த ஒளியை எந்த விளக்கும் தராது. வெற்றிடத்துக்குள் உருகிய வெள்ளீயத்தை ஒரு செக்கனுக்கு 50,000 துளியாகச் சொட்டவிட்டு, விழுகின்ற ஒவ்வொரு துளியையும் லேசரால் இரண்டு தடவை அடிக்கிறார்கள். முதல் அடியில் துளி தட்டையாகும், இரண்டாவதில் அது மிகச் சூடான ஆவியாகி அந்த ஒளியை உமிழும். காற்றும் கண்ணாடியும் அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் வில்லை பயன்படாது, முழுக்க ஆடிகள்தான். இந்த இயந்திரத்தை உலகில் செய்வது ஒரே ஒரு நிறுவனம், நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஆடிகள் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்துடையவை, லேசர் அதே நாட்டு ட்ரும்ஃப் (Trumpf) நிறுவனத்துடையது, ஒளிமூலத்தைச் செய்வது கலிபோர்னியாவில். ஆய்வு 1980களில் தொடங்கியது, பெருமளவு உற்பத்திக்கு வந்தது 2019 அளவில்தான். ஒன்றின் எடை ஏறக்குறைய 180 தொன், விலை 150 மில்லியன் டொலருக்கு மேல்.

அந்த 180 தொன்னை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டீ.பி.ஏ. 810ஐச் சட்டை மடிப்பில் கொண்டுவரலாம். உக்ரேனில் விழுந்த ரஷ்ய ஏவுகணைகளை உடைத்துப் பார்த்தபோது உள்ளே அமெரிக்க, ஐரோப்பிய சிப்புகள் இருந்தன, அதுவும் 2022இல் தடை இறுகிய பின் செய்த ஏவுகணைகளில்கூட. சிப் சின்னது, மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகப் பெட்டியில் போய்விடும். இயந்திரம் அப்படிப் போகாது. போனாலும், அதைப் பூட்டி ஓட்டிப் பராமரிக்கச் செய்த நிறுவனத்தின் ஆட்கள் கூடவே இருக்க வேண்டும். அதனால்தான் நெதர்லாந்து 2019இலிருந்து இந்த வகை இயந்திரத்தைச் சீனாவுக்கு அனுப்ப அனுமதி கொடுக்கவில்லை. அமெரிக்கா 2022 அக்டோபர் 7இல் கொண்டுவந்த விதிகளும் சிப்போடு நிற்கவில்லை. சிப் செய்யும் கருவிகளையும், சீனாவின் முன்னேறிய ஆலைகளில் அமெரிக்கர்கள் வேலை செய்வதையும் சேர்த்தே கட்டுப்படுத்தின. பொருளைத் தடுத்தால் ஒளித்து வரும். கருவியையும் தெரிந்த ஆளையும் தடுத்தால் ஒளித்து வர ஒன்றுமில்லை.

இராணுவத்துக்கு இதில் என்ன என்றால், சிப்பின் முதல் வாடிக்கையாளரே இராணுவமும் விண்வெளித்துறையும்தான். 1958இல் ஜாக் கில்பியும் அடுத்த வருடம் ரொபேர்ட் நொய்ஸும் ஐசியைக் கண்டுபிடித்த பிறகு, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த ஐசிகளைப் பெரும்பாலும் வாங்கியது மினிட்மன் ஏவுகணையும் சந்திரனுக்குப் போன அப்பலோவும். வியட்நாமில் "தான்ஹோவா" என்ற பாலத்தைப் பல வருடமாக நூற்றுக்கணக்கான தடவை குண்டு போட்டும் வீழ்த்த முடியவில்லை, 1972இல் லேசர் வழிகாட்டிய குண்டுகள் வீழ்த்தின. வன்னியில் இதைப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியதில்லை. தலைக்கு மேல் மணிக்கணக்காக இரைந்த வேவு விமானத்தை எங்கள் சனம் "வண்டு" என்று சொன்னது. வண்டு சுற்றினால் அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்கும் தெரியும். பார்க்கும் கண், படத்தை அனுப்பும் ரேடியோ, நிலைகுலையாமல் பறக்கவைக்கும் கணக்கு, மூன்றும் சிப்தான். குண்டின் எடையைவிட அது எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் பொருள் பெரிதாகிவிட்டது. அதனால்தான் நகத்தளவு சாமானுக்கு அமைச்சர்களும் தளபதிகளும் கூட்டம் போடுகிறார்கள்.

ஆனால் ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்த வேண்டும். ஆயுதத்துக்குள் இருப்பது பெரும்பாலும் புத்தம் புதிய சிப் இல்லை. ஒரு போர்விமானம் வரைபடத்திலிருந்து சேவைக்கு வர இருபது வருடம் எடுக்கும், அதற்குள் அதன் சிப் பழசாகிவிடும். நவீன ராடாரில் அலையை அனுப்பி வாங்கும் பகுதிக்கு வேண்டியது காலியம் என்ற உலோகம் சேர்ந்த சிப், வெறும் சிலிக்கன் போதாது. உலகின் புதுக் காலியத்தில் ஏறக்குறைய முழுவதையும் எடுப்பது சீனா. அமெரிக்கத் தடைக்குப் பதிலாக 2023 ஓகஸ்ட்டில் காலியத்துக்கும் ஜேர்மேனியத்துக்கும் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று சீனா சொன்னது இதனால்தான். மிக முன்னேறிய சிப்பில் அமெரிக்காவுக்கு இருக்கும் பயம் வேறு வகை. செயற்கை நுண்ணறிவைப் பழக்கும் பெரிய கணினிகள் அதில்தான் ஓடுகின்றன, நாளைய ஆயுதத்தை வடிவமைக்கவும் இலக்குத் தேடவும் அவை உதவும் என்ற கணக்கு.

இனித் தாய்வான், சீனா தன்னுடையது என்று உரிமை கோரும் தீவு. நிச்சயமாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். மொரிஸ் சாங் 1987இல் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. தன் பெயரில் எந்தச் சிப்பும் விற்பதில்லை, மற்றவர்கள் வடிவமைத்ததைச் செய்து கொடுக்கும். உலகின் மிக முன்னேறிய சிப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தாய்வானில் செய்யப்படுகிறது என்பார்கள். ஆலைகள் இருப்பது சீனாவைப் பார்த்த மேற்குக் கரையோரச் சமவெளியில். தாய்வான் தன் எரிசக்தியில் 95 வீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஆகவே குண்டு விழத் தேவையில்லை, கப்பலை நிறுத்தினாலே போதும். பாதை பூட்டினால் என்ன நடக்கும் என்று ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற எவரும் சொல்வார். மாற்று இடம் தேடுவதும் உண்மை. அமெரிக்கா 2022 ஓகஸ்ட்டில் ஆலை கட்ட 39 பில்லியன் டொலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. அரிசோனாவில் டி.எஸ்.எம்.சி. உற்பத்தி தொடங்கிவிட்டது, ஜப்பானின் குமமோட்டோ ஆலை 2024 பெப்ரவரியில் திறந்தது. எல்லாம் சேர்ந்தாலும் தாய்வானின் இடத்தை நிரப்பப் பல வருடம் எடுக்கும்.

நிச்சயமில்லாதது இரண்டு. முதலாவது, இந்த ஆலைகளே தாய்வானுக்குக் கவசம், அவை உடைந்தால் சீனாவுக்கும் நட்டம் என்பதால் அது தாக்காது என்ற வாதம். கெட்டிக்காரர்கள் பலர் இதை நம்புகிறார்கள், அதேயளவு கெட்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. வியாபாரம் இவ்வளவு பின்னிப் பிணைந்திருக்கும்போது யார் சண்டை பிடிப்பார்கள் என்று 1914க்கு முன்பும் ஐரோப்பாவில் சொன்னார்கள். இரண்டாவது, தடை சீனாவை நிறுத்துகிறதா, முடுக்கிவிடுகிறதா என்பது. 2023 ஓகஸ்ட்டில் ஹூவாவே என்ற சீன நிறுவனம் ஒரு போன் விட்டது, அதன் சிப்பைச் சீனாவின் எஸ்.எம்.ஐ.சி. ஆலையே பழைய 193 நனோமீற்றர் ஒளியைத் திரும்பத் திரும்பப் பதித்து "7 நனோமீற்றர்" என்று பெயர் சொல்லும் முன்னேறிய தரத்தில் செய்திருந்தது. அது எங்கள் டைனமோ ரேடியோ போன்ற வேலைதான். முடியும், ஆனால் படி கூடும், பழுதாகும் சிப் கூடும், செலவு கூடும். அதே வழியில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவன் என்ற முறையில், தடைக்குள் இருப்பவர்களைக் குறைத்து எடை போடக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்கு என்ன என்ற கேள்விக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். வீட்டில் பழுதான போர்ட் ஒன்றை, சோலார் இன்வேர்ட்டரோ மோட்டார் சைக்கிளின் கட்டுப்பாட்டுப் பெட்டியோ, கழற்றி வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துச் சிப்பின் முதுகை வாசியுங்கள். மலேசியா, பிலிப்பைன்ஸ், சீனா என்று ஏதாவது இருக்கும். அது சிப் பிறந்த ஊர் இல்லை, சட்டை போட்ட ஊர். வெளியே கறுப்பாகத் தெரியும் பிளாஸ்ரிக்கை நீக்கினால் உள்ளே இருப்பது அரிசிக் குறுணி அளவு சிலிக்கன். அதிலிருந்து வெளிக் கால்களுக்குத் தலைமயிரில் மூன்றிலொரு பங்கு தடிப்பான பொன் கம்பி அல்லது செப்புக் கம்பி போகும். பினாங்கில் நான் நின்ற வரிசையில் இயந்திரம் ஒரு செக்கனுக்குப் பல இணைப்புப் போடும், கண் பிடிக்காது. சத்தம் மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல இருக்கும். ஒரு கம்பி சாய்ந்தால் அந்தத் தட்டு முழுக்க நுணுக்குக்காட்டிக்குப் போகும். பலர் இந்தப் படியைச் சாதாரண வேலை என்று நினைக்கிறார்கள். 2025 செப்டெம்பர் முடிவில் நெதர்லாந்து அரசு, தன் நாட்டில் சீன உரிமையில் இருந்த நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சில நாளில் சீனா தன் நாட்டில் பொதி செய்த அதன் சிப்புகளை வெளியே விட மறுத்தது. சிலிக்கன் ஐரோப்பாவில் செய்தது, சட்டை போட்டது சீனாவில். சில சதம் பெறுமதியான டயோட்டும் ட்ரான்சிஸ்டரும் இல்லாமல் கார்க் கம்பனிகள் திண்டாடின. தாய்வான் கடலில் ஏதாவது நடந்தால் எங்களுக்கும் இந்த வழியால்தான் வரும். போன் கடையில் இருக்கும், விலை எட்டாது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சோலார் பம்பின் போர்ட் எரிந்தால் மாற்றுப் போர்ட் மாதக்கணக்கில் வராது.

கடைசியாக, நாங்கள் ஏன் செய்யவில்லை. இதற்கு ஒரு பதில் எங்கள் தீவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹரிஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் கட்டுநாயக்கப் பக்கம் ஆலை அமைக்க இணங்கியிருந்தன. 1983 கறுப்பு யூலை வன்முறைக்குப் பிறகு அவை வரவில்லை. பினாங்கில் இன்டெல் 1972இலேயே தொடங்கிவிட்டது. நான் அங்கே போனபோது எனக்கு வேலை பழக்கிய தமிழ் அக்காவின் அம்மாவும் அதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே வரிசையில் இரண்டு தலைமுறை. நான் அந்த வரிசையில் நின்று நினைத்ததெல்லாம் இந்த வேலை எங்கள் நாட்டுக்கு வர இருந்தது என்பதுதான். ஆலைக்குப் பணம் வேண்டும், தடையில்லாத மின்சாரமும் நிறையச் சுத்தமான தண்ணீரும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே முப்பது வருடம் யாரும் துரத்தாமல் ஓரிடத்தில் இருந்து பழகிய கை வேண்டும். வன்னிக்கு அது கிடைக்கவில்லை. பெரிய சிப் ஆலை ஒன்று நாளை இங்கே வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், வராது. ஒன்றுக்கு பத்து பில்லியன் டொலருக்கு மேல் போகும்.

வடிவமைப்பு வேறு விடயம். செயற்கை நுண்ணறிவுச் சிப்புக்குப் பேர்போன என்விடியாவுக்குச் சொந்தமாகச் சிப் ஆலையே கிடையாது, வரைந்து தாய்வானுக்கு அனுப்புகிறது. கொழும்பில் சிப் வடிவமைக்கும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ரிஸ்க்-ஐந்து என்ற திறந்த கட்டமைப்பை எவரும் கட்டணமில்லாமல் எடுத்து அதன்மேல் சொந்தச் செயலியை வரையலாம், வரைந்ததை எஃப்.பி.ஜி.ஏ. என்ற, வேண்டிய சுற்றாகத் திரும்பத் திரும்ப மாற்றியமைக்கக்கூடிய சிப் உள்ள போர்டில் ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். என்னிடம் படிக்கும் ஐந்து பேர் சேர்ந்து காசு போட்டு ஒன்று வாங்கினார்கள். மூன்று வாரம் மினக்கெட்டு, சுழியத்திலிருந்து பதினைந்து வரை விளக்கில் எண்ணிக் காட்டும் சுற்றைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த அடிப்படை எல்லாம் உயர்தரப் பௌதிகவியலில் இலத்திரனியல் பகுதியில் வரும் தர்க்கப் படலைகள் (லொஜிக் கேற்) தான். பரீட்சைக்குச் சின்னப் பகுதி என்று பலர் விட்டுவிடும் பாடம் அது. நீங்கள் விடாதீர்கள், பிள்ளை. படித்து முடித்தபின் இங்கேயே எழுதுங்கள், போர்டை ஒரு கிழமைக்கு வாங்கித் தருகிறேன்.